காசிராஜன் வண்டிப் பம்பர்

இடது பக்கம் ஏழு நூல் தாழ்ந்திருந்தது.

ஒர்க்‌ஷாப் கணக்கில் எட்டு நூல் சேர்ந்தால் ஓர் அங்குலம். ஓர் அங்குலம்கூட முழுசாகத் தேறாத இந்தச் சரிவுக்கா முப்பத்தொரு வருஷத்தில் பதினாலு மெக்கானிக்குகள் தோற்றுப் போனார்கள் என்று பெலிக்ஸ் மனசுக்குள் சிரித்தான். அது திங்கட்கிழமை. அந்த வாரத்தில் அவன் சிரித்த கடைசிச் சிரிப்பு அதுதான்.

"செருப்பைக் கழத்திட்டுத் தொடு தம்பி," என்றார் காசிராஜன்.

பெலிக்ஸ் கழற்றினான். கூட வந்திருந்த வெல்டர் இருளப்பசாமி யாரும் சொல்லாமலே முன்பே கழற்றியிருந்தார். மடித்துக் கட்டிய கைலியையும் இறக்கி விட்டிருந்தார்.

ராஜபாளையத்தில் இருந்து அய்யனார் கோவிலுக்குப் போகும் சாலையில், ஊர் முடிந்து மாந்தோப்புகள் ஆரம்பிக்கிற இடத்தில் காசிராஜன் வீடு. பக்கத்து வீடு என்று சொல்லிக்கொள்ள இரண்டு பக்கமும் மாமரங்கள்தான். மில்லில் ஸ்பின்னிங் மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். போர்ட்டிகோவில் நிற்பது அறுபத்தொன்றாம் வருஷத்து அம்பாசடர். நல்ல பால்கோவா நிறம். முன்பக்கப் பம்பர் மட்டும், ஒரு பக்கம் முறுக்க மறந்துபோன மீசை மாதிரி இடது முனையில் தொங்கும். தொங்குகிற முனைக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருந்தது. நிமிர்ந்து நின்ற வலது முனைக்கு ஒன்றுமில்லை. ஒழுங்காக இருப்பவர்களுக்கு எந்த ஊரில் பொட்டு வைத்திருக்கிறார்கள்?

"தொண்ணூத்தி மூணு, ஆவணி மாசம்," என்று காசிராஜன் ஆரம்பித்தார். இருளப்பசாமி கைகட்டிக்கொண்டார். "நான் மில்லு வேலையா மதுரை போயிருந்தேன். திரும்பி வந்து பாத்தா பம்பர் உள்ள போயிக் கெடக்கு. எங்க வீட்டுக்காரி நடுங்கிட்டு நிக்கா. 'என்னாச்சு சீனி'ங்கேன். பேச்சே வரல. ஒரு சொம்பு தண்ணியக் குடிச்சிட்டு, 'யானை'ன்னா. அம்புட்டுதான்."

"ஒத்தை யானையாங்கய்யா?"

"ஒத்தை."

"கொம்பனா?"

"கேட்டேன். 'அதையெல்லாம் நின்னு பாக்க எனக்கென்ன கிறுக்கா'ன்னுட்டா."

வாசல் நிலையில் சீனியம்மாள் காபித் தட்டோடு நின்றிருந்தாள். அறுபதைத் தாண்டிய பெண்மணி. முகத்தில் எதையும் எழுதி வைத்திருக்கவில்லை. "காபி ஆறுது," என்று மட்டும் சொன்னாள்.

காசிராஜன் சொன்னதில் அதிசயம் இனிமேல்தான் இருந்தது. அன்றிலிருந்து எத்தனை தடவை நிமிர்த்தினாலும், ஒரு வாரமோ ஒரு மாசமோ கழித்து ஒருநாள் காலையில் பார்த்தால் அதே இடது முனை, அதே இடத்தில் அடி வாங்கித் தொங்கும்.

"யானை மறக்காது தம்பி. நிமித்திட்டமான்னு வந்து பாத்துட்டுப் போகுது."

"காலடித் தடம் ஏதாச்சும் இருக்குமாய்யா?" என்றான் பெலிக்ஸ்.

"அதைக் கேளு! தெனம் காலையில அஞ்சு மணிக்கு மொபெட்டை எடுத்துட்டு அய்யனார் கோவில் ஆத்துக்குக் குளிக்கப் போயிருவேன். ஏழரைக்குத் திரும்பி வந்து பாத்தா பம்பர் போயிருக்கும். வாசல் கூட்டித் தெளிச்சு, கோலம் போட்டு, அம்சமா இருக்கும். கோலத்துல ஒரு புள்ளி கலைஞ்சிருக்காது!"

இருளப்பசாமிக்கு மயிர்க்கூச்செறிந்தது. கையைத் தூக்கிக் காட்டினார்.

"ஒருவேளை நீங்க ஓட்டும்போது எங்கயாச்சும் லேசா..."

"நானா?" காசிராஜனின் குரல் வீட்டுக் கூரையைத் தொட்டது. "இந்த ஸ்டியரிங்கை மொதல்ல தொட்டது எங்கய்யா. அவருக்குப் பொறவு நான். மூணாவது கை பட்டதில்ல. டிரைவர் வச்சதில்ல, மெக்கானிக் ஒருத்தனையும் ஓட்ட விட்டதில்ல. பட்டுச்சுன்னு தெரிஞ்சா, அன்னைக்கே வண்டியத் தெப்பக்குளத்துல எறக்கிருவேன்."

காபித் தட்டு லேசாகக் கிணுங்கியது.

பெலிக்ஸ் இதற்குள் வந்து மாட்டியது காதலால்.

வத்திராயிருப்புக்காரன். கோயம்புத்தூரில் எட்டு வருஷம் டிங்கரிங் வேலை பழகி, ஆறு மாசத்துக்கு முன்னால்தான் ராஜபாளையத்தில் சொந்தமாக ஒர்க்‌ஷாப் போட்டிருந்தான். ஸ்ரீவில்லிபுத்தூரில் பிரேம்குமார் நடத்தும் டிரைவிங் ஸ்கூலின் எல் போர்டு கார்கள் இவனிடம்தான் ஒடுக்கு எடுக்க வரும். கொண்டுவந்து விடுவது பிரேம்குமாரின் மகள் ஜாஸ்மின். வாரம் ஒரு ஒடுக்கு. பிறகு வாரம் இரண்டு. பிறகு ஒடுக்கே இல்லாமலும் கார் வந்தது.

பிரேம்குமார் சாதாரண ஆளில்லை. "நாலாயிரத்துச் சொச்சம் பேரு எங்கிட்டப் படிச்சு லைசென்ஸ் வாங்கியிருக்கான்," என்பார், பின்கழுத்தைத் தடவிக்கொண்டே. "ஒரே ஒரு ஆளைத் தவிர." யார் அந்த ஆள் என்று கேட்டால் சாலையைப் பார்ப்பார். ஒருமுறை பெலிக்ஸ் அவரை ஆசையாக "மாஸ்டர்" என்று கூப்பிட்டுவிட்டான். "எங்கிட்ட வண்டி படிச்சவங்க மட்டுந்தான் என்னைய மாஸ்டர்னு கூப்பிடணும். நீ சார்னு சொல்லு," என்று அங்கேயே கத்தரித்துவிட்டார்.

போன வாரம் பெலிக்ஸ் துணிந்து அவர் முன்னால் நின்று, ஜாஸ்மினைக் கல்யாணம் செய்துகொள்ள விருப்பம் என்று சொன்னான். பிரேம்குமார் அவனை மேலிருந்து கீழ் வரை ஒருமுறை பார்த்தார். பிறகு ரொம்பப் பதமாகச் சொன்னார்:

"அதுக்கென்னப்பா. காசிராஜன் வண்டிப் பம்பரை நிமித்திட்டு வா, பேசுவோம்."

"எந்தக் கிழமைக்குள்ள சார்?"

அந்த வாக்கியத்தை வாழ்நாளில் நூறு பேரிடம் சொல்லியிருந்த பிரேம்குமாரிடம் இதுவரை ஒருவரும் கிழமை கேட்டதில்லை. தடுமாறிப்போனதில், "ஞாயித்துக்கிழமை" என்று வாயில் வந்துவிட்டது.

"லூசு!" என்றாள் ஜாஸ்மின் போனில். "அது இந்தப் பக்கத்துப் பழமொழிடா! எருமை ஏரோப்பிளேன் ஓட்டட்டும்ங்கிற மாதிரி. முடியாதுங்கிறதை மரியாதையாச் சொல்றது. எங்கப்பா உன்னைய வேண்டாம்னு சொல்லிட்டாரு, நீ தேதி கேட்டு வாங்கிட்டு வந்திருக்க!"

"எனக்கெப்படித் தெரியும்? நான் கோயம்புத்தூர்ல இருந்தேன்."

"இப்ப என்ன செய்யப்போற?"

"நிமித்தப்போறேன். பம்பர்தானே."

"எங்கப்பா சொன்ன சொல்லு மாற மாட்டாரு. நிமிந்துச்சுன்னா தந்தே ஆகணும். நிமிரலைன்னா, நீ கேட்டதுக்கு அவரு பதில்கூடச் சொல்ல வேண்டாம். பாத்துக்கோ."

காசிராஜனே வண்டியை ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிவந்தார். அவர் வீட்டு கேட் மாட்டுவண்டிக் காலத்தில் கட்டியது. சுண்ணாம்பு அடித்த இரண்டு தூண்களுக்கு நடுவே வண்டியைக் கடத்த அவருக்கு நாலு நிமிஷம் பிடித்தது. பிறகு ஊர் நடுவே இருபது கிலோமீட்டர் வேகம். பஸ்கள் ஒதுங்கி வழிவிட்டன. ஒரு டீக்கடை வாசலில் மூன்று பேர் எழுந்து நின்று தொங்கும் முனையைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

பம்பர் என்பது தானாக நிற்பதில்லை. வண்டியின் சேசிஸ் முனையில் இருந்து இரண்டு இரும்புக் கைகள் நீண்டு வந்து அதைத் தாங்கிப் பிடித்திருக்கும். பெலிக்ஸ் இடது கையின் போல்ட்டைக் கழற்றியபோது, அந்த இடுக்கில் இருந்து சாமான்கள் விழ ஆரம்பித்தன.

முதலில் நாலு வாஷர். அதற்கு அடியில் சைக்கிள் செயின் துண்டு. அதற்கும் அடியில், நடுவில் ஓட்டை போட்ட இருபது பைசா நாணயங்கள் ஆறு. பிறகு மில்லு மெஷினின் பேரிங் வளையம். டிராக்டர் டயரின் ரப்பர். ஒரு எவர்சில்வர் கரண்டியின் காம்பு. எல்லாவற்றுக்கும் அடியில், எப்போதோ கரியாகிப் போன வேப்பங்கட்டை.

"கீழடி மாதிரில்ல இருக்கு தம்பி," என்றார் இருளப்பசாமி, கிசுகிசுப்பாக.

பெலிக்ஸ் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். பதினாலு பேர். ஒவ்வொருத்தரும் தன் காலத்தில் கிடைத்ததை வைத்து, தனக்குத் தெரிந்த வித்தையைக் காட்டி, தனக்கு முந்தியவன் வைத்ததை எடுக்கப் பயந்து, அதன் மேலேயே தன்னுடையதையும் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். நாணயங்களின் ஓட்டைகள் ஆறும் நூல் பிசகாமல் ஒரே நேரில் இருந்தன. அதை அடித்தவன் எவனோ, அவன் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்று தோன்றியது. சாமான்களை ஒரு தட்டில் துணி விரித்து வரிசையாக வைத்தான்.

அவற்றுக்கு அடியில்தான் உண்மையான காயம் இருந்தது. முதல் அடியில் மடங்கிய இரும்புக் கை. நீண்டு முட்டை வடிவமாகிவிட்ட போல்ட் ஓட்டை. வெல்டிங் மேல் வெல்டிங் ஏறிப் பாகற்காய் போல் ஆகிவிட்ட விரிசல். சுத்தமாகச் சுரண்டி, சூடேற்றி அடித்து நேராக்கி, ஓட்டையை நிரப்பி, புதுசாகத் துளைத்து, சாயங்காலம் பம்பரை ஏற்றினான். ரசமட்டத்தை வைத்தான். குமிழி நடுவில் வந்து நின்றது.

காசிராஜன் கண் கலங்கிப்போய் வண்டியை வீட்டுக்கு ஓட்டிச் சென்றார்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு முப்பத்தைந்துக்குப் போன் வந்தது. தீபாராதனை நேரத்துக் குரலில் காசிராஜன் சொன்னார்:

"தம்பி... வந்துட்டுப் போயிருக்கு."

இப்போது பதினொரு நூல் தாழ்ந்திருந்தது. கோலம் அப்படியே இருந்தது. பம்பரின் இடது முனையில் மட்டும் ஏதோ வெள்ளையாக அப்பியிருந்தது. இருளப்பசாமி குனிந்து பார்த்தார். விரலால் தொட்டார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"திருநீறு!"

காசிராஜன் ஓடிவந்து அந்தப் பொடியைத் தொட்டு நெற்றி நிறையப் பூசிக்கொண்டார். இருளப்பசாமியும் பூசினார். பெலிக்ஸ் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன் என்றாலும் கூட்டத்தில் தனியாக நிற்க மனமில்லாமல் புறங்கையில் கொஞ்சம் தேய்த்துக்கொண்டான்.

"லேசா எரியுதுல்ல?" என்றார் இருளப்பசாமி.

"சக்தி," என்றார் காசிராஜன்.

"நெறையப் பூசாதிய," என்றாள் சீனியம்மாள் வாசலில் இருந்து. "தோலு பொத்துப்போகும்."

பெலிக்ஸுக்கு ரோஷம் வந்துவிட்டது. பழைய கையைத் தூக்கி எறிந்துவிட்டு ஆறு எம்எம் தகட்டில் புதுக் கை செய்தான். பழையது மூன்று எம்எம்தான். ஓரங்களை மடித்து, முட்டுக் கொடுத்து, நாலு போல்ட் போட்டு முறுக்கினான். புதன்கிழமை பொழுது சாய, வண்டி வீட்டுக்குப் போனது. சீனியம்மாள் வந்து குனிந்து பார்த்தாள்.

"முன்னைக்கு இப்ப முன்பக்கம் எம்புட்டு நீண்டிருக்கு தம்பி?"

"ஒரு இஞ்சு கூடியிருக்கும்மா. புதுக் கைல்ல."

"ஒரு இஞ்சு," என்று சொல்லிக்கொண்டாள், கோலத்துக்குப் புள்ளி எண்ணுகிறவள் மாதிரி.

அன்று இரவுச் சாப்பாட்டு நேரத்தில் பிரேம்குமாரிடம் இருந்து போன். அவர் தானாகப் போன் போட்டது அதுதான் முதல் தடவை.

"என்னப்பா, ஆறு எம்எம் தகடு போட்டிருக்கியாம்ல?"

"உங்களுக்கு யாரு சார் சொன்னா?"

"ஊரே பேசுது. பாரு பெலிக்ஸ், ரொம்பப் பலமாப் போடாத. பம்பர்னா கொஞ்சம் வளையணும். வளையத்தான் அதைக் கண்டுபிடிச்சான். அது வளையலைன்னா அந்த அடி எங்க போகும்? உள்ள உக்காந்திருக்கவன் கழுத்துக்குல்ல போகும்."

"யானைக்கும் பம்பருக்கும் நடுவுல யாரு சார் உள்ள உக்காந்திருக்கா?"

"பொதுவாச் சொன்னேன்," என்று வைத்துவிட்டார்.

பம்பரை இவன் நிமிர்த்திவிடுவானோ என்று மனுஷன் பயந்துவிட்டார் என்று பெலிக்ஸுக்கு உற்சாகம் பொங்கியது.

வியாழன் காலை, ஏழு முப்பத்து மூன்று.

"தம்பி..."

"வந்துட்டேன்யா."

புதுக் கை வளையவில்லை. ஒரு நூல்கூட வளையவில்லை. அதற்குப் பதிலாக அது பிடித்திருந்த சேசிஸ் முனையே உள்ளே போயிருந்தது. பம்பர் இப்போது கீழே மட்டும் தொங்கவில்லை. பக்கவாட்டிலும் திரும்பி, இடது பக்கத்து மாமரத்தை முறைத்துக்கொண்டிருந்தது. பானெட் மூட மறுத்தது. ஹெட்லைட் ஒன்று வானத்தைப் பார்த்தது.

இருளப்பசாமி பானெட் மேல் கை வைத்தவர், சுட்டதுபோல் எடுத்துக்கொண்டார்.

"தம்பி! கதகதன்னு இருக்கு! மூச்சு விட்டிருக்கு!"

"கிழக்கு வெயில்ணே," என்றான் பெலிக்ஸ். போர்ட்டிகோ மேற்கு பார்த்தது என்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

அன்றைக்கு முதன்முறையாக அவனுக்குப் பயம் வந்தது. டேப்பை எடுத்து அளந்தான். அடி விழுந்த உயரம் தரையில் இருந்து ஒன்றே முக்கால் அடி. திங்கட்கிழமை பழைய கையில் அளந்து வைத்திருந்த முதல் அடியின் மடிப்பும் அதே ஒன்றே முக்கால். முப்பத்தொரு வருஷம், அதே உயரம், அதே இடம், அதே கோணம். மிருகத்துக்கு இந்தக் கணக்கு வராது. மனுஷனுக்கு வரவே வராது; இவனிடம் வேலை பார்த்த எவனும் ஒரே இடத்தில் இரண்டு தடவை சுத்தியல் அடித்ததில்லை. அப்படியானால் இது என்ன?

"இருளப்பண்ணே, ஒரு எலுமிச்சம்பழம் வாங்கிட்டு வாங்க."

"நீ வேதமாச்சே தம்பி."

"ரெண்டா வாங்கிக்கோங்க."

ஜாஸ்மின் மத்தியானம் கூப்பிட்டாள். "அப்பாவுக்குக் கழுத்து பிடிச்சிருச்சுடா. பெல்ட்டு போட்டுட்டு உக்காந்திருக்காரு. எப்படின்னு கேட்டா 'டென்ஷன்'ங்காரு."

"பாத்தியா? எல்லாம் என்னால."

"கர்வப்படாத. பம்பர் என்னாச்சு?"

"நிமிந்துக்கிட்டே இருக்கு," என்றான் பெலிக்ஸ்.

வெள்ளியும் சனியும் ஒர்க்‌ஷாப்பில் வேறு வேலையே நடக்கவில்லை. சேசிஸ் முனையில் சங்கிலி மாட்டி, மறுமுனையைப் புளியமரத்தில் கட்டி, அரை நாள் இழுத்து நேராக்கினார்கள். மில்லில் கழித்துப்போட்ட மெஷின் அடித்தளத்தில் இருந்து பன்னிரண்டு எம்எம் இரும்பை இருளப்பசாமி அறுத்துக் கொண்டுவந்தார். அதில் இரண்டு கைகள். இடது முனையில் இருந்து வலது முனைக்கு ஒரு குறுக்குச் சட்டம். சேசிஸுக்கு உள்பக்கம் முழங்கை நீளத்துக்கு ஒட்டுத் தகடு. வேடிக்கை பார்க்க வந்தவர்கள் சத்தமில்லாமல் பார்த்துவிட்டுப் போனார்கள். கடைசி வெல்டிங் ஆறியதும் பெலிக்ஸ் முழங்காலில் நின்று ஒரு ஜெபம் சொன்னான். இருளப்பசாமி பம்பருக்குக் கீழே எலுமிச்சம்பழத்தைக் கட்டினார். ரசமட்டத்தில் குமிழி நடுவில் நின்றது.

வண்டியின் எடை இருபத்திரண்டு கிலோ கூடியிருந்தது. சனிக்கிழமை மாலை காசிராஜன் அதைக் கேட்டுக்குள் கடத்த ஆறு நிமிஷம் ஆனது.

"இப்ப யானை முட்டுனா யானைக்குத்தான் ஆஸ்பத்திரி," என்று பெலிக்ஸ் சீனியம்மாளிடம் சொன்னான்.

"அம்புட்டுப் பலமா?" என்று சீனியம்மாள் கேட்டாள். வாசல் கேட் பக்கம் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை போன் வரவில்லை. ஏழரைக்கு வரவில்லை. எட்டுக்கும் வரவில்லை. நிமிர்ந்துவிட்டது என்று துள்ளியெழுந்த பெலிக்ஸ், இருளப்பசாமியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு பைக்கில் பறந்தான்.

வீட்டுக்கு முன்னால் கூட்டம். அய்யனார் கோவில் பஸ் நடுச்சாலையில் நின்றிருந்தது. டிரைவரும் கண்டக்டரும் இறங்கி நின்று கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போர்ட்டிகோவில் அம்பாசடர், மாப்பிள்ளை மாதிரி நிமிர்ந்து நின்றது. முன்னால் அன்றைக்கு வழக்கத்தைவிடப் பெரிய கோலம், தேர்க்கோலம்.

கேட்டின் இடதுபக்கத் தூண் இல்லை.

அடியோடு சாய்ந்து, மூன்று துண்டாகச் சாலையோரம் கிடந்தது. பிடிக்க ஆளில்லாத கேட் ஒற்றைக் காலில் தொங்கியது.

காசிராஜன் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கூட்டத்துக்கு விளக்கிக்கொண்டிருந்தார். கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

"வந்திருக்கு. முட்டிப் பாத்திருக்கு. பம்பர் அசையல. முப்பத்தொரு வருஷமா அசைஞ்ச பம்பர்யா! திகைச்சுப் போயிருக்கு. திரும்பிப் போறப்ப அந்தக் கோவத்தைத் தூணுல காட்டிட்டுப் போயிருச்சு. இனி வராது. இனிமே வரவே வராது!"

பெலிக்ஸைப் பார்த்ததும் கூட்டம் விலகி வழிவிட்டது. வண்டிக்கு என்று வாங்கிவைத்த மாலையை யாரோ அவன் கழுத்தில் போட்டார்கள். தேங்காய்கள் உடைந்தன. ஒரு பெண் கைக்குழந்தையைக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்து வாங்கிக்கொண்டாள். பெலிக்ஸ் தூணைப் பார்த்தான். தன் கைகளைப் பார்த்தான். ஐந்தாம் வகுப்பில் கணக்கில் பெயிலான கைகள். அவனுக்கே அவனைப் பார்த்துக் கும்பிட வேண்டும்போல் இருந்தது.

சர்ச் முடிந்து பதினொரு மணிக்குப் பிரேம்குமார் வந்தார். கூடவே ஜாஸ்மின். வெள்ளைச் சட்டை, கழுத்தில் பெல்ட்டு, நெற்றியில் புதுசாக ஒரு பிளாஸ்திரி.

"என்ன சார், நெத்தியில?"

"குளியலறையில வழுக்கிருச்சு."

அங்கே நின்ற இருநூறு பேரும் தூணைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிரேம்குமார் மட்டும் தூண் இருந்த பக்கமே திரும்பவில்லை. கழுத்து திரும்பாத காரணமாக இருக்கலாம்.

"வைப்பா ரசமட்டத்தை," என்றார்.

பெலிக்ஸ் பம்பர் மேல் வைத்தான். இருநூறு பேர் எட்டிப் பார்த்தார்கள். குமிழி இடது பக்கம் கொஞ்சம் ஓடியது. வலது பக்கம் கொஞ்சம் ஓடியது. நடுவில் வந்து நின்றது.

"நிமிந்துருச்சு!" என்று ஜாஸ்மின் கத்தினாள். பஸ் டிரைவர் ஹாரன் அடித்தார்.

பிரேம்குமார் கழுத்து பெல்ட்டைச் சரிசெய்துகொண்டார். "நிமிந்துதான் இருக்கு. நான் இல்லேங்கல. ஆனா ஒருநாள் நின்னா அது நிமித்துனதாயிருமாப்பா? ஒரு வருஷம் நிக்கட்டும். அதுக்குப் பொறவு பேசுவோம்."

"அப்பா! சொன்ன சொல்லு!"

"நான் என்ன சொன்னேன்? நிமித்திட்டு வா, பேசுவோம்னேன். பேசிட்டேன்ல?"

பெலிக்ஸ் ரசமட்டத்தை எடுத்துக்கொண்டான். யானையை ஜெயித்தாயிற்று, மாமனாரை ஜெயிக்கப் பன்னிரண்டு எம்எம் போதவில்லை. கண் கலங்குவதை ஜாஸ்மின் பார்த்துவிடக்கூடாது என்று, போல்ட்டைச் சரிபார்ப்பதாகச் சொல்லிவிட்டு, மாலையோடு வண்டிக்கு அடியில் நுழைந்து மல்லாந்து படுத்துக்கொண்டான். மேலே பன்னிரண்டு எம்எம் இரும்பு, அசையாமல், அழகாக இருந்தது. அதன் இடது முனையில் அதே வெள்ளைப் பொடி. தொட்டுப் பார்த்தான். இந்தத் தடவை அதில் கொஞ்சம் செங்கல் தூளும் கலந்திருந்தது.

காசிராஜன் அர்ச்சனைத் தட்டோடு சாய்ந்த தூணுக்குப் பூஜை பண்ணப் போனார். கூட்டம் மொத்தமும் அவர் பின்னால் போயிற்று. ஜாஸ்மின் கோபித்துக்கொண்டு மாமரத்தடிக்குப் போய் நின்றாள். வண்டிக்குப் பக்கத்தில் பிரேம்குமாரின் பாலிஷ் போட்ட ஷூக்கள் மட்டும் மிச்சம். செத்த நேரத்தில், மெட்டி போட்ட இரண்டு பாதங்கள் மெதுவாக நடந்துவந்து அந்த ஷூக்களுக்கு எதிரே நின்றன. காபி டம்ளர் கைமாறும் சத்தம் கேட்டது. பிறகு, வண்டிக்கு அடியில் ஓர் ஆள் படுத்திருப்பது தெரியாமல், சீனியம்மாளின் குரல் தணிந்து வந்தது:

"மாஸ்டர், தூணுதான் போயிருச்சே... நாளைக்குக் காலையில அந்த இடதுபக்கத் திருப்பத்தை இன்னொருக்காப் பாத்துருவமா?"